வாங்குமுன் ஒரு வார்த்தை: கேமராவும் தோள்பையும்

போன முறை லென்ஸில் பூஞ்சை பிடிப்பது பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி லென்ஸைப் பற்றியே இல்லை, பையைப் பற்றி. சரி, இந்த முறை பை மட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர் பெயர் போடவில்லை, கடைக்காரர் பெயரும்தான்.

கேமரா வாங்கும்போதே ஒரு தோள்பை இலவசமாகக் கொடுத்தார்கள். என்னிடம் ஒரு பாடியும் (லென்ஸ் கழற்றிய கேமரா) அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸும்தான் இருக்கின்றன. நல்ல பையாக ஒன்று வாங்கவா, அண்ணாச்சி?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தை அடுத்த லென்ஸுக்குச் சேர்த்து வையுங்கள். பையின் முகப்பில் கேமரா கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருந்தால் அதன்மேல் ஒரு கறுப்புத் துணியை வைத்துத் தைத்துவிடுங்கள். டவுன் பஸ்ஸில் எல்லாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

கல்யாண வேலை செய்கிறேன். இரண்டு பாடி, 24-70, 70-200 லென்ஸ்கள், இரண்டு பிளாஷ். எல்லாம் ஒரே தோள்பையில் அடங்க வேண்டும். நல்ல பெரிய பையாகச் சொல்லுங்கள்.
- புகைப்படக்காரர், வீரவநல்லூர்

சொல்ல மாட்டேன். முதலில் எடையைக் கூட்டிப் பார்ப்போம். பாடி ஒன்று 700 கிராம் என்றால் இரண்டும் 1.4 கிலோ. 24-70 லென்ஸ் 900 கிராம் பக்கம். பழைய மாடல் 70-200 என்றால் ஒன்றரை கிலோ. பிளாஷ் இரண்டும் செல்லோடு ஒரு கிலோ. சார்ஜர், உபரி பேட்டரி, கார்டு எல்லாம் அரை கிலோ. ஐந்தே கால் கிலோவைத் தாண்டிவிட்டது, இன்னும் பை சேரவில்லை. நல்ல தடிமனாக ஃபோம் வைத்த பெரிய பை காலியாகவே ஒன்றரை கிலோ இருக்கும்.

வீட்டில் கிடக்கும் பழைய ஜோல்னாப் பையில் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் போட்டு ஒரு தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். மாடிப்படி பத்து தடவை ஏறி இறங்குங்கள். அதற்குப் பிறகும் பெரிய பைதான் வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். "பின்னால் உதவும்" என்று கடையில் இருந்ததிலேயே பெரிய பையை ஒரு காலத்தில் வாங்கினேன். கடையில் காலியாக மாட்டிப் பார்த்தேன், கம்பீரமாக இருந்தது. ஆனித் தேரோட்டத்தன்று அதை நிறைத்துக்கொண்டு நாலு ரத வீதியும் சுற்றினேன். மத்தியானம் வலது தோள் இறங்கிப் போயிற்று, மூன்று வாரம் சட்டை மாட்டவே சிரமம். அந்தப் பை இப்போது தங்கச்சி வீட்டில் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சிக்குப் போனால் அப்பளக் கட்டு வாங்கிவர எடுத்துப் போகிறார்கள். அதற்கு நல்ல பைதான்.

ஆகவே உங்களுக்கு இரண்டு பை. ஊருக்கு ஊர் போக முதுகில் மாட்டும் பை, மண்டபத்துக்குள் வேலை செய்யச் சின்னத் தோள்பை. பாடி இரண்டும் உங்கள் மேல் தொங்கும், தோள்பையில் மாற்று லென்ஸ் ஒன்று, பிளாஷ் ஒன்று, பேட்டரி. அவ்வளவுதான். தாலி கட்டும் நேரத்தில் பெரிய பையோடு மேடையில் திரும்பி ஐயரின் தட்டைத் தட்டிவிடுகிறவரை எந்த வீட்டிலும் மறுபடி கூப்பிடுவதில்லை.

கடையில் பார்க்க வேண்டியது பையின் முகப்பை அல்ல, பட்டை பையோடு சேரும் இடத்தை. அங்கே தையல் சதுரமாக ஓடி, நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். பட்டை பையின் அடிவழியாகவே சுற்றி வந்தால் இன்னும் நல்லது, எடையைத் தையல் தாங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜிம் டோம்கி என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் 1970களில் தன் வேலைக்கென்று வடிவமைத்த கான்வாஸ் பையில் பட்டை அப்படித்தான் போகும். இன்றுவரை அந்தப் பை விற்கிறது. கொக்கி உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கொக்கி தண்ணீர் பாட்டில் பைக்குப் போதும்.

உங்கள் சாமான்களைக் கடைக்கே கொண்டுபோய், உள்ளே அடுக்கி, மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெரிய பிராண்டு பை ஆன்லைனில் 800 ரூபாய்க்கு வருகிறது. கடையில் அதே பை 5,000 ரூபாய். வாங்கலாமா?
- சேரன்மகாதேவி

அதே பை இல்லை. வாங்காதீர்கள். வாங்கிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

சாரலுக்குக் குற்றாலம் போகிறோம். "வாட்டர் புரூஃப்", "1680டி" என்று போட்ட பை வாங்கியிருக்கிறேன். நம்பிப் போகலாமா?
- சங்கரன்கோவில்

துணியை நம்புங்கள், பையை நம்பாதீர்கள். 1680டி என்பது டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். நூல் தடிமன் என்று அதற்கு அர்த்தமே தவிர, தண்ணீர் புகாது என்று அர்த்தமில்லை. தண்ணீரைத் தடுப்பது துணியின் உட்புறம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு. அந்தப் பூச்சை ஊசி குத்திய இடமெல்லாம் ஓட்டை. ஜிப் அதைவிடப் பெரிய ஓட்டை.

வீட்டிலேயே சோதிக்கலாம். பையைக் காலி செய்து, உள்ளே பழைய தினத்தாளை நன்றாக விரித்து வையுங்கள். ஜிப்பை மூடி, குளியலறையில் ஷவருக்குக் கீழே பத்து நிமிடம். திறந்து பார்த்தால் தாள் எங்கே நனைந்திருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் ஜிப் முடியும் மூலையிலும் பட்டைத் தையலுக்கு நேர் கீழும்தான் நனைந்திருக்கும். சாரலுக்கு இந்தப் பை போதும், மழைக்கு ரெயின் கவர் வேண்டும். அருவிப் பக்கம் போவதாக இருந்தால் கேமரா அறையிலேயே இருக்கட்டும்.

சாரலைவிட மோசமானது திரும்பி வந்த பிறகு நடப்பது. ஈரப் பையை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். ஃபோம் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். இருட்டு, ஈரம், அசையாத காற்று: பூஞ்சைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பை தூக்கிப் போகத்தான், குடிவைக்க அல்ல. வீடு வந்ததும் கேமராவை வெளியே எடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவே நின்றால் நிம்மதி. பையைக் கவிழ்த்து நிழலில் காயப் போடுங்கள்.

துணியின் உட்புறப் பூச்சு என்றேனே, அதற்கும் ஆயுள் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருடங்களில் பிசுபிசுக்கும், பிறகு உதிரும். நான் ஆசையாக வாங்கி, அழுக்காகிவிடும் என்று எடுக்காமலே வைத்திருந்த பையை ஒருநாள் திறந்தேன். உட்புறம் முழுவதும் செதில் செதிலாக, அப்பளம் நொறுங்கிய மாதிரி. லென்ஸ் மூடி மேலெல்லாம் கறுப்புத் தூள். உபயோகிக்காமல் வைத்தால் புதிதாகவே இருக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

கூந்தன்குளத்தில் பறவை எடுப்பதற்காக 200-500 லென்ஸ் வாங்கினேன். படம் பார்த்து ஒரு தோள்பையும் ஆர்டர் செய்தேன். சீசனுக்குத்தானே என்று பார்சலைப் பிரிக்காமல் இரண்டு மாதம் வைத்திருந்தேன். இப்போது லென்ஸ் உள்ளே போகவில்லை. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
- நாங்குநேரி

யார் மேல் போடுவதாக உத்தேசம்? பையில் ஒரு குறையும் இல்லை. திருப்பி அனுப்பும் கெடு தாண்டியது உங்கள் வீட்டில். நிக்கானின் 200-500 லென்ஸ் 26.7 சென்டிமீட்டர் நீளம், ஸ்டாண்டு வளையத்தோடு 2.3 கிலோ. இது பெட்டியில் வரும் தாளிலேயே இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் பையின் அளவும் இருந்திருக்கும், ஆனால் அது பெரும்பாலும் வெளி அளவு. ஃபோம் இரண்டு பக்கமும் சேர்ந்து மூன்று, நாலு சென்டிமீட்டரை விழுங்கிவிடும். உள் அளவைத் தேடிப் படிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? பார்சல் வந்த அன்றே பிரித்துப் பார்க்க இன்னொரு நிமிடம்.

இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு நாலு வருகிறது. கத்தரிக்காயைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் கேமரா சாமான் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

போகட்டும். அந்த லென்ஸுக்குத் தோள்பையே சரியில்லை. நீள வாக்கில் வைக்கும் முதுகுப் பை பாருங்கள். வாங்கிய பையைத் தெரிந்தவருக்கு விற்றுவிடுங்கள்.

மகன் பிறந்தநாளுக்கு 2,400 ரூபாயில் கேமராப் பை வாங்கினேன். பன்னிரண்டாம் நாள் பட்டை தையலோடு பிய்ந்து பை கீழே விழுந்தது. நல்லவேளை, அதில் கேமரா இல்லை. கடையில் கேட்டால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று சீட்டிலேயே இருக்கே" என்கிறார். என்னிடம் இருப்பது "எஸ்டிமேட்" என்று போட்ட துண்டுச் சீட்டு. ஜிபேயில் பணம் கொடுத்தேன். ஏமாந்தது ஏமாந்ததுதானா?
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

இல்லை அம்மா. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த எஸ்டிமேட் சீட்டு எனக்கு ரொம்ப நாள் எரிச்சல்.

கடையில் என்ன நடந்திருக்கும் என்று நானே சொல்கிறேன். "பில் வேணுமாக்கா, எஸ்டிமேட் போதுமா? பில்லுன்னா ஜிஎஸ்டி சேரும்." நானூறு ரூபாய் மிச்சமென்று யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். எஸ்டிமேட் என்றால் மதிப்பீடு. வீடு கட்டுமுன் கொத்தனார் தருவாரே, அது எஸ்டிமேட். பொருளைக் கையில் கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கிய பிறகு எதை மதிப்பிடுகிறார்கள்? அந்தச் சீட்டில் பாருங்கள், கடைப் பெயர் பாதி இருக்கும், ஜிஎஸ்டி எண் இருக்காது, தேதி கிறுக்கலாக இருக்கும். ஆனால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" மட்டும் தெளிவாக அச்சாகியிருக்கும். விற்றதற்கே அத்தாட்சி தராதவர், விற்ற பொருளைப் பற்றி நிபந்தனை போடுகிறார்! இன்னொன்று: அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் சேர்த்த விலை. அதற்குமேல் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய் கேட்கவும் கடைக்காரருக்கு உரிமை கிடையாது.

இனி சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதே அதில் முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். உங்களுக்குப் பன்னிரண்டாம் நாளே பிய்ந்துவிட்டது. (நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் இதைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துப் போக வேண்டாம்.)

செய்ய வேண்டியது: பிய்ந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுங்கள். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே பரிவர்த்தனை எண் தெரியும் திரை, இரண்டையும் நகல் எடுங்கள். பணம் போன தேதியும் யாருக்குப் போனது என்பதும் அதில் இருக்கிறதே, அதுதான் உங்கள் அத்தாட்சி. தைத்துச் சரி செய்துவிடாதீர்கள், பை அப்படியே இருக்கட்டும். நடந்ததை எழுதி, பதினைந்து நாளில் பணம் வேண்டும் என்று கடைக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். பல பேர் இந்தக் கடிதத்துக்கே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, ஆனால் அடுத்த வாரமே செய்யுங்கள்.

2,400 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் சொல்வார்கள். கடைக்காரரும் அதை நம்பித்தான் இருக்கிறார். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், அம்மா.

குலசை தசராவுக்குத் தனியாகப் படம் எடுக்கப் போகிறேன். கூட்டத்தில் பை பத்திரமாக இருக்க எந்த மாதிரி வாங்கலாம்?
- வாசகி, திசையன்விளை

கேமராப் பையே வாங்காதீர்கள். ஃபோம் வைத்த உட்பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கி ஒரு சாதாரணத் துணிப் பைக்குள் வையுங்கள். கோவில் பை மாதிரி இருக்க வேண்டும். பட்டை மார்புக்குக் குறுக்கே, பை வயிற்றுக்கு முன்னால், ஜிப் உங்கள் உடம்பைப் பார்த்து. பணத்தையும் போனையும் அதில் வைக்காதீர்கள். அதை எடுக்க வேண்டி அடிக்கடி திறப்பீர்கள், திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்துபோகும்.

தேரிக்காட்டுக்குப் போய் வந்ததிலிருந்து பையின் ஜிப் நகர மாட்டேன் என்கிறது. செந்தூள் ஏறியிருக்கிறது. ஜிப்பை மாற்றவா, பையையே மாற்றவா?
- சாத்தான்குளம்

எதையும் மாற்ற வேண்டாம். பழைய பல் பிரஷ்ஷால் உலர்வாகவே இரண்டு பக்கமும் தேயுங்கள், ஓட்டியின் உட்புறம் உட்பட. பிறகு வெள்ளை மெழுகுவர்த்தியை ஜிப்பின் பல்மேல் லேசாகத் தேய்த்து நாலு தடவை இழுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் போடாதீர்கள், அடுத்த தடவை தேரி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். "ஏற்கெனவே போட்டுவிட்டேன்" என்று கடிதம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். போட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து எண்ணெய் போகிறவரை தேய்த்து, ஒரு நாள் நிழலில் காயவிட்டு, அப்புறம் மெழுகு.