“எங்கள் நாய் கடிக்காது”: நாய்க்கடியும் சட்டமும், ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

நாய்க்கடி பற்றி வந்த கேள்விகளில் பாதி கடிபட்டவர்களுடையவை, மீதி நாய் வளர்ப்பவர்களுடையவை. இரு தரப்புக்காகவும் நான் வழக்காடியிருக்கிறேன். அதனால் இங்கே யார் பக்கமும் சாயப்போவதில்லை.

பக்கத்து வீட்டு நாய் என் ஆறு வயது மகனின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. ஊசிச் செலவைத் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா? (மேலூரிலிருந்து ஒரு தாய்)

முதலில் காலைப் பாருங்கள் அம்மா, சட்டம் காத்திருக்கும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். சிறுவயதில் என்னை நாய் கடித்தபோது பாட்டி சுண்ணாம்பு தடவினார். அந்த எரிச்சல்தான் இன்றும் நினைவிருக்கிறது, கடி மறந்துவிட்டது. காயம் ஆழமாக இருந்தால் தடுப்பூசியோடு, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். ரேபீஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆகவே ‘ஊசிச் செலவைத் தருகிறோம்’ என்பது அப்படியொன்றும் பெரிய தாராளம் அல்ல. காயம் ஆறி, தழும்பின் நிலை தெரியும் வரை ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், எப்படிக் காயம் ஏற்பட்டது என்று ஒரு வரி எழுதுவார்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில், பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிய சித்தப்பா பதற்றத்தில் “ஏதோ நாய் கடிச்சிருச்சு” என்று சொல்ல, மருத்துவர் ‘தெரு நாய் கடி’ என்று எழுதிவிட்டார். உண்மையில் கடித்தது எதிர்வீட்டு அல்சேஷன். அந்த மூன்று சொற்களை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் ஒன்பது முறை வாசித்தார். ஆகவே யார் வீட்டு நாய், எந்த இடம், எத்தனை மணி என்று தெளிவாகச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

பிறகு காவல் நிலையம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது: தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராதபடி போதிய ஏற்பாடு செய்யத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 289ஆவது பிரிவு, அபராதம் ஆயிரம் ரூபாய்தான். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

அபராதம் அரசுக்குப் போகும் பணம். மகனுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

கடித்த நாயின் உரிமையாளர், “இதுவரை யாரையும் கடித்ததில்லை, எனக்கு எப்படித் தெரியும்?” என்கிறார். தப்பித்துவிடுவாரா? (கோவை வாசகர்)

இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து நமக்கு வந்த வாதம் இது. நாய் போன்ற வீட்டு விலங்கின் முரட்டுக் குணம் உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பழைய விதி. ஆனால் கவனக்குறைவு என்ற அடிப்படையில் வழக்குப் போட்டால் முந்தைய கடி எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. சங்கிலி இருந்ததா, கேட் சாத்தியிருந்ததா, பிடித்திருந்தவரால் அந்த நாயை அடக்க முடியுமா என்பவைதான் கேள்விகள். நாற்பது கிலோ நாயைப் பத்து வயதுப் பையன் கையில் கொடுத்து அனுப்பியவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது.

நான் நாய் வளர்ப்பவன். ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை வைத்திருக்கிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அதையும் மீறி உள்ளே வந்து கடிபட்டார். பலகை என்னைக் காப்பாற்றாதா?

காப்பாற்றும் என்று நீங்கள் நினைக்கும் அளவுக்குக் காப்பாற்றாது. சொல்லப்போனால், நாய் ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததற்கு அந்தப் பலகையே சாட்சி. சிலிண்டர்காரர் சுவர் ஏறிக் குதித்துத் திருட வந்தவர் அல்லர், நீங்கள் பதிவு செய்ததால் வந்தவர். அழைப்பு மணியைக் கேட்டுக்கு வெளியே வையுங்கள், நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறங்கள். கடிபட்டவரை நீங்களே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தால் பாதிப் பகை அங்கேயே தீர்ந்திருக்கும்.

வேலையாள் நாயை வெளியே அழைத்துச் சென்றபோது கடித்தால்?

இருவரும் பதில் சொல்ல வேண்டிவரும். 291ஆவது பிரிவு ‘உரிமையாளர்’ என்று சொல்லவில்லை, விலங்கைத் தன் வசம் வைத்திருப்பவர் என்கிறது. இழப்பீடு என்று வந்தால் வேலைக்கு வைத்தவரின் பொறுப்புதான் முன்னால் நிற்கும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்கவே கூடாது என்று தீர்மானம் போடலாமா? (சென்னை)

கூடாது. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் செல்லாது என்பதுதான் விலங்குகள் நல வாரியத்தின் நிலைப்பாடு. கயிறு கட்ட வேண்டும், அசுத்தத்தை அகற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் உங்கள் அச்சத்தையும் நான் எள்ளி நகையாட மாட்டேன். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின, உரிமையாளர் கைதானார். மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் பற்றிப் பலருக்கும் அப்போதுதான் தெரியவந்தது. உங்கள் குடியிருப்பில் எத்தனை நாய்களுக்கு உரிமம் இருக்கிறது என்று கேளுங்கள். அது சட்டப்படியான கேள்வி.

தெரு நாய் கடித்தால் யாரிடம் கேட்பது?

உள்ளாட்சி அமைப்பிடம். ஆனால் வழி நீளம். பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று கணக்கே போட்டுக் கொடுத்தது. அது அந்த மாநிலங்களுக்கானது. இங்கே அதை மேற்கோள் காட்டலாம், நீதிபதி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடித்த வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது. எனக்கும் ஊசி வேண்டுமா? ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றுவிடலாம் என்கிறான் என் தம்பி.

ஊசியை உடனே தொடங்குங்கள், நாயின் தடுப்பூசி அட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிப்பார்கள். அது நலமாக இருந்தால் மிச்ச ஊசிகள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கொன்றுவிட்டால் அந்த வழியும் அடைபடும். அதோடு, விலங்கைக் கொல்வதற்கு அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. கடிக்க விட்டவருக்கு ஆறு மாதம்தான். இதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.