பேரிங் ஏன் அடிக்கடி போகிறது?

கேள்வி: ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துகிறேன். மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் மெஷினில் ஒரே சீசனில் மூன்று முறை பேரிங் போய்விட்டது. மூன்று மடங்கு விலையில் வெளிநாட்டு பேரிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஃபிட்டர். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. கழற்றிய பழைய பேரிங்கை பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் வெளி வளையத்தை வெட்டிப் பிரித்து உள்ளே பாருங்கள். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. குண்டுகளில் நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் சூட்டில் போயிருக்கிறது. குண்டு ஓடும் தடத்தில் சம இடைவெளியில் சின்னச் சின்னக் குழி தெரிந்தால், மாட்டும்போது சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். மூன்றில் எதுவாக இருந்தாலும் விலை உயர்ந்த பேரிங்கும் அதே வழியில்தான் போகும்.

நம் பக்கத்துச் சேகோ ஆலைகளில் நான் அதிகம் பார்த்தது தண்ணீர்தான். ஷிஃப்ட் முடிந்ததும் ஹோஸைப் பிடித்து மெஷின் முழுக்க அடித்துக் கழுவுகிறார்கள். கழுவத்தான் வேண்டும், மாவு தங்கினால் புளித்துவிடும். ஆனால் பேரிங் உட்காரும் கூடு, அதாவது ஹவுசிங், ஓடி நின்றதும் சூடாக இருக்கிறது. அதன்மேல் பச்சைத் தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரத்தில் நிற்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து இரைச்சல் கேட்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

அதனால் மெஷின் ஆறட்டும், அப்புறம் கழுவச் சொல்லுங்கள். இரண்டு ஹவுசிங்குக்கும் மேலே தகர மூடி போட்டு, ஹோஸ் முனை அந்தப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தாங்கும் கிரீஸ் கிடைக்கிறது, கால்சியம் சல்ஃபோனேட் வகை என்று கேளுங்கள். பழைய கிரீஸைச் சுத்தமாக வழித்தெடுத்த பிறகுதான் போட வேண்டும். ஒன்றோடொன்று சேராத கிரீஸ்களைக் கலந்தால் இளகி வழிந்துவிடும். ஹவுசிங்கில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். அடைத்து வைத்தால் அந்தக் கிரீஸே கடைபட்டுச் சூடேறும்.

பெல்ட்டையும் பாருங்கள். வழுக்குகிறது என்று மோட்டாரைத் தள்ளித் தள்ளி இறுக்குவார்கள். பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் அடியைத் தொட்டு ஓடுகிறது என்று அர்த்தம். அந்த பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. தேய்ந்தது புல்லியா பெல்ட்டா என்று பார்த்து மாற்றுங்கள். பெல்ட்டாக இருந்தால் செட்டோடு மாற்றுங்கள்.

உங்களுக்கு உண்மையான நஷ்டம் பேரிங் விலையில் இல்லை. பிடுங்கிய கிழங்கில் இரண்டு மூன்று நாளில் நீலக் கோடு ஓடிவிடும், மாவின் வெள்ளை போய்விடும். களத்தில் லோடு காத்துக்கிடக்க, ஆள் சேலம் போய் பேரிங் வாங்கி, லேத்தில் ஷாஃப்ட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் வலிக்கிறது. வெளிநாட்டு பேரிங்குக்கு ஒதுக்கிய பணத்தில், பேரிங்கும் ஹவுசிங்கும் மாட்டிய உபரி ஷாஃப்ட் ஒன்றைச் செய்து எண்ணெய் தடவி வையுங்கள். பழுதானால் அதைத் தூக்கி மாட்டி ஓட்டிவிடலாம், பழையதை நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம். பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷின் வருடத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. அறுவடை தொடங்கும்போதெல்லாம் மக்கர் செய்கிறது. என்ன செய்வது?

பதில்: கடைசிப் பழம் ஓடிய அன்றே கவனிக்க வேண்டிய விஷயம் இது. பழத்தின் வழவழப்பு புளித்து உலோகத்தை அரிக்கும், ஏற்காட்டு ஈரம் அதற்குத் துணை போகும். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவிட்டு, ஷாஃப்ட்டில் எண்ணெய் தடவி, பெல்ட்டைத் தளர்த்தி வையுங்கள். அவ்வப்போது கையால் சுற்றிவிடுங்கள். அடுத்த வருடம் முதல் கூடைப் பழம் ஓடியதும் கொட்டையை அள்ளிப் பாருங்கள். நசுங்கியோ வெட்டுப்பட்டோ வந்தால் டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி குறைவு, தோலோடு வந்தால் அதிகம். திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்த பிறகே மீதிப் பழத்தைக் கொட்டுங்கள்.