‘வார்னிங்’ வந்த கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று திட்டம். அந்தக் கல்லூரியின் அங்கீகாரம் ‘வார்னிங்’கில் இருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். பணம் கட்டலாமா? – திருச்சி வாசகி

வார்னிங் என்றால் அங்கீகாரம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வார்னிங்கில் இருக்கும்போதும் அது அங்கீகாரம் உள்ள கல்லூரிதான். அந்தக் காலத்தில் உங்கள் மகள் வாங்கும் கிரெடிட்டும் செல்லும். ஆனாலும் பணம் கட்டும் முன் நீங்கள் ஒரு கடிதத்தைப் படித்தாக வேண்டும்.

அமெரிக்காவில் கல்லூரிக்கு அங்கீகாரம் தருவது அரசு அல்ல, தனி அமைப்புகள். அந்த அமைப்புகளை மத்திய கல்வித் துறை ஏற்றிருக்க வேண்டும். அப்போதுதான் மாணவர்களுக்கு அரசின் கல்வி உதவித்தொகை வரும். கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களுக்கு அங்கீகாரம் தருவது ஏசிசிஜேசி என்ற ஆணையம். புதுக் கல்லூரி முதலில் தகுதியைக் காட்டி, ‘வேட்பாளர்’ என்ற இடைநிலையில் இருந்து, பிறகுதான் முழு அங்கீகாரம் பெறும். அதற்கப்புறம் 7 வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. நடுவில் ஆண்டறிக்கை, இடைக்கால அறிக்கை எல்லாம் உண்டு.

மறுபரிசீலனையில் கல்லூரி முதலில் தன்னைப் பற்றித் தானே ஆதாரங்களோடு எழுதிக் கொடுக்கும். பிறகு வேறு கல்லூரிகளின் பேராசிரியர்களும் நிர்வாகிகளும் கொண்ட குழு வந்து சரிபார்க்கும். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை இவர்கள். சில ஆன்லைன் வகுப்புகளைத் திறந்து, மாணவர் அனுப்பிய கட்டுரைக்கு ஆசிரியர் என்ன பதில் எழுதினார் என்று பார்ப்பார்கள். வீடியோவை ஏற்றிவிட்டு ஆசிரியர் ஆளையே காணோம் என்றால் அது குறை. தணிக்கை அறிக்கை, கையிருப்புப் பணம், நிர்வாகக் குழு ஒழுங்காக நடக்கிறதா என்பதும் கணக்கில் வரும். முடிவு, பெரும்பாலும் ஜனவரியிலோ ஜூனிலோ.

குறை இருந்தால் வார்னிங், அதற்கு மேல் இன்னும் கடுமையான புரொபேஷன், அதற்கும் மேல் ‘ஷோ காஸ்’, அதாவது அங்கீகாரத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கல்லூரியிடம் விளக்கம் கேட்பது. சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜுக்கு 2012இல் நேரடியாக ஷோ காஸ் வந்தது. 2014 ஜூலையோடு அங்கீகாரம் ரத்து என்று 2013இல் அறிவித்தார்கள். நகர வழக்கறிஞர் வழக்குப் போட்டார், நீதிமன்றம் தடுத்தது, 2017 ஜனவரியில் 7 வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். இடையில் ஒரு நாள்கூட அங்கீகாரம் போகவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் காம்ப்டன் கல்லூரியோ 2006இல் உண்மையிலேயே இழந்தது. பக்கத்து எல் கமினோ கல்லூரி அதைத் தன் மையமாக எடுத்து நடத்தியதால் வகுப்புகள் நிற்கவில்லை. திரும்பப் பெற 2017 ஆகிவிட்டது.

சரி, அந்தக் கடிதம். ஆணையத்தின் முடிவுக் கடிதம் கல்லூரியின் தளத்திலேயே, முகப்பிலிருந்து ஒரே கிளிக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் ‘கட்டாயம் திருத்த வேண்டியவை’, ‘மேம்படுத்தலாம்’ என இரண்டு வகை இருக்கும். முதல் வகையை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பாடத்திட்ட ஆவணம், மதிப்பீட்டு முறை போன்றவை என்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். பணமும் நிர்வாகமும் என்றால் யோசியுங்கள். போன முறை சொன்ன அதே குறை இந்த முறையும் இருந்தால், நானாக இருந்தால் அங்கே சேர்க்க மாட்டேன்.

மாணவர் விசாவுக்குக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் வந்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அதைத் தரக் கல்லூரிக்கு அனுமதி கொடுப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. இந்த வார்னிங்கை நீக்குவது அதன் வேலை இல்லை. எந்தப் பாடம் கலிபோர்னியாவின் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை ‘அசிஸ்ட்’ (assist.org) தளத்தில் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்ஃபர் அலுவலகத்துக்கும் ஒரு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் கல்லூரியை மாற்றுங்கள். கலிபோர்னியாவில் மட்டும் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன.