பைதனில் மூன்று மேற்கோள் சரத்தின் முன்னிடைவெளியை வெட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணம்–கொழும்பு பஸ் முன்பதிவுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் சார்பு ஒன்று. செய்தி ஒவ்வொரு வரியிலும் வலப்பக்கம் தள்ளிப் போகுது. சரத்தை, அதாவது மேற்கோளுக்குள் இருக்கும் வாசகத்தை, இடது ஓரத்தில் ஒட்டி எழுதினால் சரி, ஆனால் நிரல் அலங்கோலம். வேறு வழி உண்டா?

உண்டு. முதலில் சரத்தைப் பாருங்கோ:

    செய்தி = """
        வணக்கம்.
        யாழ்ப்பாணம் - கொழும்பு பஸ்
        இருக்கை 14, இரவு 8.00
        """

மேற்கோளுக்குள் இருப்பது எல்லாமே சரம்தான். நிரலின் அழகுக்காகத் தள்ளிய 8 இடைவெளி என்று பைதனுக்குத் தெரியாது. தமிழ் எஸ்எம்எஸ்ஸில் இது காசு விசயமும்கூட. ஒரு செய்திக்கு 70 அலகுதான். எழுத்தின் மேல் புள்ளி, விசிறி போன்ற குறிகள் எல்லாம் தனித்தனி அலகு. மேலே உள்ள வாசகம் 57 அலகு, ஒரே எஸ்எம்எஸ். நான்கு வரியின் 32 இடைவெளியும் முன்னும் பின்னும் வரும் வெற்று வரிமுறிவும் சேர்ந்தால் 91. இரண்டு எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்ட வேண்டும்.

பைதனோடு வரும் டெக்ஸ்ட்ராப் (textwrap) தொகுதியில் டிடென்ட் (dedent) என்ற சார்பு இருக்கு. எல்லா வரிக்கும் பொதுவான முன்னிடைவெளியை மட்டும் அது வெட்டும்; வெறும் இடைவெளி மட்டுமே உள்ள வரிகளைக் கணக்கில் எடுக்காது. அதன்பிறகு, சரத்தின் இரு முனையிலும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப் (strip) போட்டால் 57 தான் மிஞ்சும்.

வரிசை மாறினால் கெட்டது. ஸ்ட்ரிப்பை முதலில் போட்டால் முதல் வரியின் இடைவெளி மட்டும் போய்விடும், பொது இடைவெளி பூச்சியமாகும், டிடென்ட் ஒன்றையும் தொடாது. பிழைச்செய்தியும் வராது. திறக்கும் மேற்கோளை ஒட்டியே வாசகத்தைத் தொடங்கினாலும் இதே கதைதான். மேற்கோளுக்குப் பக்கத்தில் ஒரு பின்சாய்கோடு (\) போட்டு அடுத்த வரியில் தொடங்குங்கோ, அந்த வெற்று வரியும் வராது.

கனபேர் விழும் குழி எஃப்-ஸ்ட்ரிங், அதாவது மேற்கோளுக்கு முன் f போட்டு மாறிகளை உள்ளேயே எழுதும் சரம். ஏறுமிடம் என்ற மாறியில் ‘ஆஸ்பத்திரி வீதி,’ ஒரு வரி, ‘பஸ் நிலையம் முன்பாக’ அடுத்த வரி என்று வைப்போம். மாறியின் பெறுமதி முதலில் உள்ளே போகும், டிடென்ட் பிறகுதான் ஓடும். இரண்டாம் வரி ஓரத்திலேயே தொடங்குவதால் பொது இடைவெளி மறுபடி பூச்சியம். ஒரு வரி முகவரியோடு சோதிக்கும்போது எல்லாம் வடிவாக இருக்கும், அதுதான் வில்லங்கம். ஆகவே எஃப் இல்லாத வார்ப்புருவை முதலில் டிடென்ட் செய்து, பிறகு ஃபோர்மட் (format) மூலம் பெறுமதியை நிரப்புங்கோ.

இவ்வளவும் செய்தும் வெட்டுப்படவில்லையா? ஏதோ ஒரு வரியில் டேப் கலந்திருக்கும். டிடென்ட்டுக்கு டேப்பும் இடைவெளியும் ஒன்றல்ல. கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் காட்டும் ரெப்ர் (repr) போட்டு அச்சிட்டால் டேப் \t என்று பின்சாய்கோட்டோடு தெரியும்.

வேறு மொழிக்காரருக்கு: ஜாவா 15 முதல் இந்த வேலையைக் கம்பைலரே செய்யுது, மூடும் மேற்கோள் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்குதோ அதுவும் கணக்கில் சேரும். சி ஷார்ப் 11 இல் மூடும் மேற்கோளைவிட இடப்பக்கம் ஒரு வரி தொடங்கினாலே கம்பைல் ஆகாது. எனக்குப் பிடித்தது இந்தக் கண்டிப்புத்தான். பாஷில் பல வரி வாசகம் எழுத உதவும் ஹியர்டொக், கழித்தல் குறியோடு (<<-) தொடங்கினால், டேப்பை மட்டுமே வெட்டும், உங்கள் எடிட்டர் டேப்பை இடைவெளியாக மாற்றுவதாக இருந்தால் அதை நம்பாதேங்கோ.