இயக்கம் அண்ணனா, தம்பியா? பிரிட்டிஷ் சினிமாவின் உடன்பிறப்புகள்: வாசகர் கேள்வி-பதில்

கே: சகோதரர்கள் சேர்ந்து எடுத்த பிரிட்டிஷ் படங்களை யாரிடமிருந்து தொடங்கலாம்?

ப: போல்ட்டிங் சகோதரர்களிடமிருந்துதான். ஜானும் ராயும் 1913இல் பிறந்த இரட்டையர்கள். 1937இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். பெரும்பாலும் ஒருவர் இயக்கினால் மற்றவர் தயாரிப்பார். 'தண்டர் ராக்' (1942) ராய் இயக்கம், ஜான் தயாரிப்பு. 'பிரைட்டன் ராக்' (1947) அப்படியே தலைகீழ். முதலில் இரண்டாவதைப் பாருங்கள். ரிச்சர்ட் அட்டன்பரோவை 'காந்தி' எடுத்தவராக மட்டும் தெரிந்தவர்களுக்கு, அதில் அவர் செய்த இளம் ரவுடி பிங்கி தூக்கிவாரிப் போடும்.

கே: இருவரில் யார் திறமைசாலி?

ப: டைட்டில் கார்டை வைத்துச் சொல்ல முடியாது, அதுதான் அவர்கள் ஏற்பாட்டின் அழகே. போர்க்காலத்தில் மட்டும் தனித்தனியாகப் பார்க்கலாம். ராய் ராணுவத் திரைப்படப் பிரிவில் இருந்து எடுத்த 'டெசர்ட் விக்டரி' (1943), எகிப்தில் நடந்த எல் அலமைன் போரைப் பற்றிய ஆவணப்படம், ஆஸ்கர் வாங்கியது. விமானப்படைப் பிரிவில் இருந்த ஜான் 'ஜர்னி டுகெதர்' (1945) எடுத்தார். ராய்க்கு வேகம், ஜானுக்கு மனிதர்கள் என்பது என் கணிப்பு.

கே: போல்ட்டிங் சகோதரர்களின் 'ஐ'ம் ஆல் ரைட் ஜாக்' தொழிற்சங்கத்துக்கு எதிரான படமா?

ப: முதலாளிகளையும் சேர்த்துத்தான் கிழிக்கிறார்கள், கதையில் மோசடியே மேலிடத்தில்தான் நடக்கிறது. ஆனால் சங்கத் தலைவர் பிரெட் கைட்டாக வரும் பீட்டர் செல்லர்ஸ் மற்ற எல்லோரையும் ஓரங்கட்டிவிடுகிறார். அதனால் படம் முடிந்தபின் சங்கத்தின் மேல் விழுந்த அடி மட்டும் நினைவில் நிற்கிறது. 1959இல் ஜான் இயக்கிய படம்.

கே: 'எலிபன்ட் பாய்' சாபுவை அறிமுகப்படுத்தியவர்களும் சகோதரர்கள்தானே?

ப: ஆமாம், ஹங்கேரியிலிருந்து வந்த கோர்டா சகோதரர்கள் மூவர். மூத்தவர் அலெக்சாண்டர், லண்டன் பிலிம்ஸ் முதலாளி. நடுவில் பிறந்தவர் சோல்டான், இயக்குநர். இளையவர் வின்சென்ட், கலை இயக்குநர். மைசூர்ப் பையனான சாபு நடித்த 'எலிபன்ட் பாய்' (1937) படத்துக்கு சோல்டானும் ராபர்ட் பிளாஹர்ட்டியும் இயக்குநர்கள்.

இங்கே போல்ட்டிங் வீட்டுச் சமத்துவம் கிடையாது. கடைசி வார்த்தை அண்ணனுடையது. 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' (1935) படத்துக்காக சோல்டான் ஆப்பிரிக்காவில் மாதக்கணக்கில் படம்பிடித்து வந்தார், அந்த மக்கள் மேல் மரியாதையோடு. வெளியானதோ வெள்ளை அதிகாரியின் புகழ் பாடும் படம். அதில் நடித்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், நடிகர் பால் ராப்சனே பிறகு அதை வெறுத்தார். சாபு நடித்த 'தி டிரம்' (1938) படமும் அதே பேரரசுப் பாட்டுதான். பம்பாயிலும் மதராசிலும் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. வின்சென்ட்டுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) அரங்கமைப்புக்கு ஆஸ்கர் வாங்கினார். சாபுவை ரசிக்கவும் அதுவே நல்ல படம்.

கே: அக்கா தங்கை யாரும் இல்லையா?

ப: பெட்டி பாக்ஸ் இருக்கிறாரே! அண்ணன் சிட்னி பாக்ஸ் 1946இல் கெயின்ஸ்பரோ திரைப்பட நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்ததும், இஸ்லிங்டன் ஸ்டுடியோவைத் தங்கையிடம் ஒப்படைத்தார். பிறகு பெட்டி, ரால்ஃப் தாமஸ் என்ற இயக்குநரோடு சேர்ந்து 'டாக்டர் இன் தி ஹவுஸ்' (1954) தயாரித்தார். அப்புறம் பாருங்கள், பெட்டியின் கணவர் பீட்டர் ராஜர்ஸ் தயாரித்த 'கேரி ஆன்' நகைச்சுவைப் படங்களை இயக்கியவர் ரால்ஃபின் தம்பி ஜெரால்ட். மனைவியின் படத்துக்கு அண்ணன் இயக்குநர், கணவனின் படங்களுக்குத் தம்பி!