கேஸ் ஷீட்டில் இனி ஒரு எழுத்தும் சேர்க்காதீர்கள், டாக்டர்

கேள்வி: நான் ஒரு சிறு நகரத்தில் சொந்த மருத்துவமனை நடத்தும் மகப்பேறு மருத்துவர். 39 வயதுப் பெண் ஒருவருக்கு, இரண்டு பிள்ளைகளின் தாய், இடது சினைப்பையில் இருந்த கட்டியை எடுக்க ஆபரேஷன் செய்தேன். வயிற்றைத் திறந்து பார்த்தபோது வலது சினைப்பையும் குடலோடு ஒட்டிக்கொண்டு சந்தேகப்படும்படி இருந்தது. கர்ப்பப்பையிலும் நார்க்கட்டிகள். புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்தேன். மேஜையில் வைத்தே பரிசோதித்துப் பார்க்கும் ஃப்ரோஸன் செக்‌ஷன் வசதி எங்கள் ஊரில் இல்லை. வெளியே வந்து கணவரிடம் விளக்கினேன். "உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ செய்யுங்க மேடம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் அகற்றிவிட்டேன். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. நோயாளி நல்லபடியாக வீடு திரும்பினார். பில்லில்கூடக் குறைத்துத்தான் வாங்கினேன். எட்டு மாதம் கழித்து, 20 லட்சம் கேட்டு லீகல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இன்னொரு டாக்டர் தூண்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஃபேஸ்புக்கில் என்னை அசிங்கமாக எழுதுகிறார்கள். உயிரைக் காப்பாற்றியதற்கு இதுதான் பரிசா? ஆபரேஷன் நோட்ஸை அன்று சுருக்கமாக எழுதிவிட்டேன். நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை இப்போது விரிவாக எழுதிச் சேர்க்கலாமா? அவர்கள் கேஸ் ஷீட் நகல் கேட்டிருக்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை. போலீஸ் கேஸ் வருமா?

பதில்: டாக்டர், உங்கள் கடிதத்தில் பாதி, இந்த வழக்குக்குத் தேவையில்லாதது. யார் தூண்டிவிட்டார்கள், ஃபேஸ்புக்கில் யார் எழுதினார்கள், பில்லில் எவ்வளவு குறைத்தீர்கள் என்று நுகர்வோர் ஆணையத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே கேட்கப்போவது ஒரே ஒரு கேள்வி: அந்தப் பெண் மயக்கம் தெளிந்து, "எடுங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லும்வரை காத்திருந்தால், அவர் உயிருக்கோ உடல்நிலைக்கோ உடனடி ஆபத்து இருந்ததா?

நீங்கள் எழுதியதைப் படித்தவரை, இல்லை. ரத்தப்போக்கு இல்லை, கட்டி வெடிக்கவில்லை. புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது. சந்தேகம், இரண்டாவது முறை வயிற்றைத் திறக்க நல்ல காரணமாக இருக்கலாம். கேட்காமல் எடுப்பதற்குக் காரணமாகாது.

சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் இதைத்தான் சொன்னது. அங்கேயும் உங்கள் கதைதான். பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி (சிறு துளை போட்டுக் குழாய்க் கேமராவால் வயிற்றுக்குள் பார்ப்பது) என்று படுக்கவைத்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. டாக்டர் நல்லெண்ணத்தில்தான் செய்தார், சிகிச்சையில் குறை இல்லை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சம்மதம் இல்லாத அறுவை சிகிச்சை என்று தீர்ப்பானது. வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய நோயாளிக்காகத் தாய் கையெழுத்துப் போட முடியாது என்றால், கணவரும் போட முடியாது.

"மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் கணவன் மனைவி சம்மதம் என்று இருக்கிறதே" என்று உங்கள் சங்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். சரியாகப் படித்துப் பாருங்கள். பிள்ளைப்பேறு இல்லாமல் போகக்கூடிய அறுவை சிகிச்சைக்கு இருவரின் சம்மதமும் வேண்டும் என்கிறது அது. இருவரும், இருவரில் ஒருவர் அல்ல. ஆக, நீங்கள் கேடயமாக நினைக்கும் அந்தக் கையெழுத்து, மனைவியிடம் கேட்கவில்லை என்பதற்கு எதிர்த்தரப்பின் முதல் சாட்சியம்.

அச்சடித்த கன்சென்ட் ஃபார்மில் "தேவைப்பட்டால் வேறு எந்தச் சிகிச்சையும் செய்யச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். அதையும் நம்பாதீர்கள். அதேபோல, "நான் செய்தது சரிதான் என்று பத்து டாக்டர்கள் சொல்வார்கள்" என்பது கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டுக்குத்தான் பதில். உங்கள் மேல் உள்ள புகார் கவனக்குறைவு அல்ல, சம்மதம் வாங்கவில்லை என்பது.

அன்று தியேட்டரில் நீங்கள் எடுத்தது சுலபமான முடிவு அல்ல என்பது எனக்குப் புரிகிறது. மூடிவிட்டு வந்தால், ஒட்டுதல்கள் நிறைந்த வயிற்றை மறுபடி திறக்க வேண்டும், மறுபடி மயக்க மருந்து, மறுபடி செலவு. நிஜமாகவே புற்றுநோயாக இருந்திருந்தால், "ஏன் அன்றைக்கே எடுக்கவில்லை" என்று இதே குடும்பம் கேட்டிருக்கும். அதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவர் 39 வயதில் ஒரே நாளில் மாதவிடாய் நின்றுபோன ஒரு பெண். உடல் கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம் பற்றிய பயம், வருடக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை. இவையெல்லாம் வரும் என்று யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவருடைய கோபத்துக்குத் தூண்டிவிட ஒரு டாக்டர் தேவையில்லை.

இனி கேஸ் ஷீட். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்த ஒரு வரிதான்.

சேர்க்காதீர்கள். ஒரு வரி, ஒரு நேரம், ஒரு கையெழுத்து எதுவும் வேண்டாம். உண்மையையே எழுதினாலும் வேண்டாம்.

டாக்டர்கள் வழக்கில் தோற்பதை நான் அதிகம் பார்த்தது சிகிச்சையில் செய்த தவறால் அல்ல, நோட்டீஸ் வந்த இரவில் உட்கார்ந்து எழுதிய அந்த அரைப் பக்கத்தால்தான். கேஸ் ஷீட் உங்கள் அலமாரியில் மட்டும் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். அந்த ஆபரேஷனின் பதிவு குறைந்தது ஐந்தாறு இடங்களில் இருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் தனியாக ஒரு சார்ட் வைத்திருப்பார். அதில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் இருக்கும். நர்ஸ் எழுதிய குறிப்பு இருக்கும். தியேட்டர் ரிஜிஸ்டரில் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் இருக்கும். பயாப்ஸிக்கு அனுப்பிய படிவத்தில் உங்கள் கைப்படவே நோயின் விவரம் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி அவர்கள் வீட்டில் இருக்கிறது. காப்பீட்டில் செய்திருந்தால், கம்பெனிக்கு அனுப்பிய ஸ்கேன் காப்பி அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அட்மிஷனில் இருந்தபோதே குடும்பத்தார் யாராவது செல்போனில் கேஸ் ஷீட்டைப் படம் எடுத்திருப்பார்கள். இப்போதெல்லாம் எடுக்காதவர்கள் குறைவு.

நீங்கள் இப்போது "அதிக ரத்தப்போக்கு, அவசர நிலை" என்று எழுதிச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆபரேஷன் நேரம் முழுக்க ரத்த அழுத்தம் சீராக இருந்தது என்று அனஸ்தீஷியா சார்ட் சொல்லும். ரத்த வங்கியில் ஒரு யூனிட்கூட நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அவசரம் என்றால், தியேட்டரை விட்டு வெளியே வந்து கணவரிடம் பேசிக் கையெழுத்து வாங்க எப்படி நேரம் இருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். இதற்கு உங்களிடம் பதில் இருக்காது. அந்த நிமிடத்தில் வழக்கே மாறிவிடும். "நல்லெண்ணத்தில் எல்லை தாண்டிய டாக்டர்" என்று இருந்தவர், "ஆவணத்தைத் திருத்திய டாக்டர்" ஆகிவிடுவீர்கள். அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள், புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தது என்பதையும் சேர்த்து.

போலீஸ் கேஸ் வருமா என்று கேட்டீர்கள். ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் டாக்டர்களுக்குப் போதுமான பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. மிக மோசமான கவனக்குறைவு இருந்தால்தான் குற்ற வழக்கு, அதற்கும் முதலில் வேறொரு மருத்துவரின் பாரபட்சமற்ற கருத்து வேண்டும், வழக்கமான கைது கூடாது. நீங்கள் செய்தது அந்த வகையில் வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேஸ் ஷீட்டைத் திருத்தினால் அந்தப் பாதுகாப்பு துணைக்கு வராது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பொய் ஆவணம் உருவாக்குவது தனிக் குற்றம், அதற்கு இன்னொரு மருத்துவரின் கருத்து தேவையில்லை. இல்லாத குற்ற வழக்கை உங்கள் பேனாவால் நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள். மருத்துவக் கவுன்சிலில் பதிவே கேள்விக்குறியாகும். வழக்கு வந்தால் இழப்பீடு கொடுக்க டாக்டர்கள் எடுத்து வைக்கும் காப்பீடான இன்டெம்னிட்டி பாலிசியும் நேர்மையற்ற செயல்களுக்குப் பணம் தராது.

அன்றைய நிலவரத்தை விரிவாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு இடம் கேஸ் ஷீட் அல்ல. இன்றைய தேதி போட்டு, நினைவில் இருப்பதை எல்லாம் தனித்தாளில் எனக்கோ உங்கள் வக்கீலுக்கோ எழுதிக் கொடுங்கள். என்ன தெரிந்தது, எதனால் பயந்தீர்கள், கணவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், எல்லாம். அது பதிலுரையிலும் பிரமாண வாக்குமூலத்திலும் உங்கள் வார்த்தையாக வரும். நாளைக்கே அசல் கேஸ் ஷீட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, கவரில் போட்டு ஒட்டி, பூட்டி வையுங்கள். சிஸ்டரிடமும் மேனேஜரிடமும் சொல்லிவிடுங்கள். "மேடத்துக்கு உதவி" என்று நினைத்து நர்ஸ் தன் குறிப்பில் ஒரு வரி சேர்த்தாலும் அடி உங்களுக்குத்தான்.

நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. கெடு தாண்டியிருந்தாலும் உடனே கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும், "திருத்திக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நாள்.

அடுத்தது, சமரசம். வெளிப்படையாகச் சொல்கிறேன்: இந்த வழக்கை நடத்தாதீர்கள், பேசி முடியுங்கள். கவனக்குறைவுப் புகார் மட்டும் வந்திருந்தால் நடத்துங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். சம்மதம் என்ற விஷயத்தில் உங்களிடம் பதில் இல்லை. மாவட்ட ஆணையம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று எத்தனை வருடம் ஓடினாலும் அந்தக் கேள்வி மாறாது.

சமீரா கோலி வழக்கில் 25,000 ரூபாய் இழப்பீடும், டாக்டருக்குக் கட்டணம் கிடையாது என்பதும்தான் தீர்ப்பு. அதைப் பார்த்துத் தைரியம் கொள்ளாதீர்கள். அது 1995-ல் நடந்த அறுவை சிகிச்சை. இன்றைக்கு அதே தொகையில் முடியும் என்று நினைத்துப் பேச உட்கார்ந்தால் பேச்சு அன்றே முறியும். அதற்காக, அவர்கள் கேட்கும் 20 லட்சமும் முடிவான தொகை அல்ல. ஹார்மோன் சிகிச்சை, எலும்பு அடர்த்திப் பரிசோதனை, தொடர் மருத்துவச் செலவு, அந்தப் பெண் பட்ட வேதனை ஆகியவற்றை வைத்து ஒரு தொகைக்கு வரலாம்.

ஆனால் இங்கேதான் இரண்டாவது பள்ளம் இருக்கிறது. முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நோட்டீஸ் நகலோடு. அவர்களுடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாகச் சொல்வதோ பாலிசி நிபந்தனைக்கு விரோதம். மனசு கேட்காமல் கணவருக்கு "ஸாரி, ஏதாவது செய்கிறேன்" என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டால், நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரர் கைவிரிக்க அதுவே போதும். வருந்துகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பமும்தான். அது வக்கீல்கள் ஏற்பாடு செய்யும் சந்திப்பில் நடக்கட்டும். ஊர்ப் பெரிய மனிதர், கட்சிக்காரர், "நான் பேசி முடிச்சுத் தர்றேன் டாக்டர்" என்று வருபவர் யாரையும் உள்ளே விடாதீர்கள். அந்த வழியாகக் கொடுத்த பணத்துக்கு ரசீதும் இருக்காது, முடிவும் இருக்காது.

ஆணையத்தின் சமரச மையம் உதவும் என்றும் எண்ண வேண்டாம். கொடுங்காயமோ மரணமோ ஏற்பட்டதாகச் சொல்லப்படும் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை அங்கே அனுப்ப 2020-ம் ஆண்டு நுகர்வோர் சமரச விதிகளில் இடமில்லை. இரண்டு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து பேசி, எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். வழக்கு போட்ட பிறகு என்றால் கூட்டு மனுவாகத் தாக்கல் செய்ய வேண்டும். குற்றப் புகார் கொடுக்காமல் இருக்கத்தான் பணம் என்று படிக்கும்படி அதில் ஒரு வரியும் இருக்கக்கூடாது, ஒப்பந்தமே செல்லாமல் போய்விடும். மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் போயிருந்தால், நீங்கள் சமரசம் ஆனாலும் அது தன் வழியில் நடக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தப் பெண். கணவர் அல்ல. பேச்சுவார்த்தைக்குக் கணவர்தான் வருவார், "நான் சொன்னால் அவள் கேட்பாள்" என்பார். ஒருமுறை அவர் பேச்சை நம்பித்தான் இங்கே வந்து நிற்கிறீர்கள். தொகை அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும், அவர் படித்து, கேள்வி கேட்டு, தன் வக்கீலை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடட்டும்.

பேச்சு முறிந்து ஆணையத்திலிருந்து புகார் நகல் வந்துவிட்டால், பதிலுரைக்கு 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள். 46-வது நாள் போனால் வாங்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020-ல் அப்படி உறுதி செய்துவிட்டது. "கிளினிக்கில் கூட்டம், மறந்துவிட்டேன்" என்று ஓடிவந்த டாக்டர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த தேதி, பாலிசி நகல், ஸ்கேன் செய்த கேஸ் ஷீட், மயக்க மருந்து டாக்டரின் சார்ட், இந்த நான்கையும் இந்த வாரமே உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். நோட்டீஸுக்கான பதிலை நீங்கள் எழுதாதீர்கள்.