ஒரு 'பி' கிரேடின் விலை

அன்புள்ள அக்காவுக்கு,

அட்லாண்டா புறநகரிலிருந்து எழுதுகிறேன். பல வருடங்களாக உங்கள் தளத்தைப் படித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்பதிலும் பத்திலும் எல்லாப் பாடத்திலும் ஏ. இந்த செமஸ்டரில் ஏபி கெமிஸ்ட்ரியில் (கல்லூரித் தரத்துப் பாடம்) பி வந்துவிட்டது. அலுவலக மீட்டிங்கில் இருக்கும்போது பள்ளி ஆப்பில் அறிவிப்பு வந்தது. அன்று மாலை வீட்டில் நடந்ததை எழுதவே சங்கடமாக இருக்கிறது. "ஐவி லீகும் போச்சு, ஸ்காலர்ஷிப்பும் போச்சு" என்று இவர் சொன்னதை அவள் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டாள். மூன்று நாளாக இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நாங்கள் இருவருமே ஐடி வேலை. கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வருமானத்துக்கு நிதியுதவி கிடைக்காது என்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு 90,000 டாலர் கட்ட எங்களால் முடியாது, பின்னால் ஒரு மகனும் இருக்கிறான். மார்க்கை வைத்துத்தான் செலவைக் குறைக்கலாம் என்று நம்பியிருந்தோம். அடுத்த செமஸ்டரில் சாதாரண கெமிஸ்ட்ரிக்கு மாறிவிட்டால் ஏ நிச்சயம் என்கிறாள் மகள். மாறலாமா?

சுதா

அன்புள்ள சுதா,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். செமஸ்டருக்கு ஆறு பாடம் என்று வைத்தால், பதினொன்றாம் வகுப்பு முடியும்போது உங்கள் மகளிடம் 36 கிரேடுகள் இருக்கும். அதில் 35 ஏ, ஒரு பி என்றால் ஜிபிஏ, அதாவது ஏ-வுக்கு 4, பி-க்கு 3 என்று போடும் சராசரி, 4.0-இலிருந்து 3.97-க்கு இறங்கும். உங்கள் வீட்டில் மூன்று நாள் பேச்சு நின்றது இந்த 0.03-க்காக.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நாம் எல்லோரும் கட்-ஆஃபில் வளர்ந்தவர்கள். அரை மார்க்கில் கல்லூரியே மாறிப்போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்தப் பயம் விமானம் ஏறி நம்மோடு வந்துவிட்டது. இந்த ஊரில் அப்படி ஒரே ஒரு வரிசை கிடையாது என்பது மூளைக்குத் தெரிந்தாலும் வயிற்றுக்குத் தெரிவதில்லை.

உங்கள் கணவர் ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். ஐவி லீக் போயிற்று, ஸ்காலர்ஷிப் போயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவே 'உம்' போட்டு இணைக்கவே முடியாது. ஹார்வர்டு முதலான ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் மார்க்குக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. எம்ஐடியும் அப்படித்தான். அங்கே தரப்படும் உதவி முழுக்கக் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தரப்படுவது. 36 ஏ வாங்கினாலும் சரி, மாநிலத்திலேயே முதலாவதாக வந்தாலும் சரி, நீங்கள் கட்டும் தொகை மாறாது. கிரேடு கதவைத் திறக்க உதவும், அவ்வளவுதான். பில் உங்கள் வருமான வரிக் கணக்கைப் பார்த்துப் போடப்படும்.

மார்க்குக்குப் பணம் தரும் கல்லூரிகள் வேறு ரகம். அவர்களுக்கு உங்கள் மகளைப் போன்ற மாணவர்கள் வேண்டும், அதனால் விலையைக் குறைத்துக் கூப்பிடுகிறார்கள். கிட்டத்தட்ட ஆடித் தள்ளுபடிதான். விலைச்சீட்டில் ஒரு தொகை, வருகிறவர் பலரும் கட்டுவது வேறு தொகை. அலபாமா பல்கலைக்கழகம் ஓர் அட்டவணையையே வெளியிடுகிறது. இந்த ஜிபிஏ, எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் இந்த மதிப்பெண் இருந்தால் இவ்வளவு என்று வெளிமாநில மாணவர்களுக்கும் அதில் போட்டிருக்கும். கட்டுரை, நேர்காணல் எதுவும் இல்லாமல் தானாகக் கிடைக்கும் பணம் அது. அந்த அட்டவணையின் பெரும்பாலான படிகள் 3.97-க்கும் 4.0-க்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஆக, எந்தக் கல்லூரிகள் இந்த ஒரு பி-யைக் கவனிக்கக்கூடுமோ அவை மார்க்குக்குப் பணம் தருவதில்லை. மார்க்குக்குப் பணம் தரும் கல்லூரிகளுக்கு இந்த ஒரு பி ஒரு பொருட்டே இல்லை. டியூக், வாண்டர்பில்ட் போன்ற சில இடங்களில் கடும் போட்டியும் உண்டு, கொஞ்சம் மெரிட் பணமும் உண்டு. ஆனால் அவை விரல்விட்டு எண்ணும் அளவுக்கான இடங்கள். அவற்றை நம்பிக் குடும்ப பட்ஜெட் போடக்கூடாது.

ஒரு கல்லூரி எந்த ரகம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்க வேண்டாம். 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையைப் பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில் கிரேடு, பாடங்களின் கடினம், கட்டுரை என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று அவர்களே குறித்திருப்பார்கள். எச்2ஏ என்ற பகுதிதான் உங்களைப் போன்றவர்களுக்கு. நிதித்தேவை இல்லாத எத்தனை மாணவர்களுக்கு மெரிட் உதவி கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்பது அங்கே இருக்கும். ஐவி கல்லூரி ஒன்றின் எச்2ஏ-வை ஒருமுறை உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் மாநிலம். ஜார்ஜியாவில் இருந்துகொண்டு ஸ்காலர்ஷிப்புக்காகக் கவலைப்படுவது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கிறது. லாட்டரிப் பணத்தில் 1993 முதல் நடக்கும் ஹோப் ஸ்காலர்ஷிப் உங்கள் ஊரில்தானே இருக்கிறது. அதற்கு 3.0 ஜிபிஏ போதும். அதற்கு மேல் ஸெல் மில்லர் ஸ்காலர்ஷிப். 3.7 ஜிபிஏயும் எஸ்ஏடியில் 1200-உம் இருந்தால், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் முழுவதையும் அது கட்டிவிடும். ஜார்ஜியாவுக்குள் இருக்கும் தகுதியுள்ள தனியார் கல்லூரிகளில் ஒரு பகுதியைத் தரும். இரண்டுக்கும் வருமான வரம்பு கிடையாது. கிரீன் கார்டு இருந்தால் போதும், குடியுரிமை வேண்டியதில்லை.

ஹோப் ஜிபிஏ என்பது பள்ளி ஆப்பில் நீங்கள் பார்க்கும் எண் அல்ல. மாநிலம் தனியாகக் கணக்குப் போடுகிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், அயல்மொழி ஆகிய பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். பள்ளி தன் பங்குக்குக் கூட்டிக் கொடுத்த புள்ளிகளைக் கழித்துவிடும். ஆனால் ஏபி பாடத்தில் பி வாங்கினால் அதற்கு 0.5 சேர்க்கும். அதாவது மூன்று நாள் மௌனத்துக்குக் காரணமான அந்த பி, மாநிலத்தின் கண்ணில் 3.0 அல்ல, 3.5. நான்கு வருடத்தில் இந்தப் பாடங்களில் சுமார் 40 செமஸ்டர் கிரேடுகள் வரும். அதில் சாதாரண வகுப்பில் 12 பி வாங்கினாலும் 3.7 நிற்கும். உங்கள் மகள் வாங்கியிருப்பது அரை பி. மாநிலத்தின் ஜிஏஃபியூச்சர்ஸ் தளத்தில் அவளுக்கு ஒரு கணக்கு திறந்தால் அந்த எண்ணையே நேரில் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கல்லூரி விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு வரைதான். ஹோப் கணக்கு பள்ளிப் படிப்பு முடியும்வரை ஓடும். அட்மிஷன் கடிதம் வந்த பிறகு கடைசி செமஸ்டரில் காலை நீட்டிக்கொள்கிற பிள்ளைகள் இங்கேதான் அடி வாங்குகிறார்கள். கல்லூரிக்குள் போன பிறகும் ஸெல் மில்லரைத் தக்கவைக்க 3.3 வேண்டும். ஏதென்ஸில் இருக்கும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலோ ஜார்ஜியா டெக்கிலோ அந்த 3.3, பள்ளியில் வாங்கிய 4.0-ஐ விடக் கடினம். அப்புறம், இது படிப்புக் கட்டணம் மட்டும்தான். தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், இதர ஃபீஸ் எல்லாம் உங்கள் தலையில்.

நான் மேலே சொன்ன விதி உடையும் இடமும் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. ஜார்ஜியா டெக்கில் சீட் கிடைப்பது கடினம், பணமோ மாநிலம் தருவது. அதனால் அங்கே கிரேடு சீட்டுக்கும் பணத்துக்குமாக இரண்டு வேலையும் செய்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலும் இங்கேதான் வருகிறது.

மாற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. டெக் போன்ற இடங்களில் கிரேடை மட்டும் பார்ப்பதில்லை. பள்ளியில் என்னென்ன பாடங்கள் இருந்தன, அதில் எதை எடுத்தாள் என்றும் பார்க்கிறார்கள். பள்ளி ஆலோசகர் அனுப்பும் குறிப்பில் அந்தப் பட்டியல் இருக்கும். ஏபியில் ஒரு பி என்பது ஒரு கடினமான பாடத்தில் கொஞ்சம் திணறினாள் என்பதுதான். பாதி வருடத்தில் இறங்கினால், திணறியதும் விலகினாள் என்று படிக்கப்படலாம். ஜார்ஜியா மாணவர்களுக்கு டெக்கின் முன்கூட்டிய விண்ணப்பம் அக்டோபர் 15-இல் முடிந்துவிடும். அப்போது பன்னிரண்டாம் வகுப்பின் கிரேடு எதுவும் கையில் இருக்காது. அவள் கடைசியாகக் காட்டப்போவது இந்த வரும் செமஸ்டரைத்தான்.

மே மாதத்தில் ஏபி தேர்வும் இருக்கிறது. வகுப்பில் பி வாங்கியவள் தேர்வில் 4 அல்லது 5 எடுக்கலாம். பல அரசுப் பல்கலைக்கழகங்கள் அதற்கு கிரெடிட் கொடுக்கும். அப்படி நான்கைந்து பாடங்கள் சேர்ந்தால் ஒரு செமஸ்டர் முன்னதாகப் பட்டம் வாங்கலாம். ஸெல் மில்லர் கட்டாத வாடகையும் சாப்பாடும் அந்த அளவுக்கு மிச்சம். தேர்வுக் கட்டணம் சுமார் 100 டாலர்தான்.

ஒரே ஒரு நிலையில் மாறச் சொல்வேன். அவள் இரவு ஒரு மணிக்கு மேல் விழித்திருந்து, இந்த ஒரு பாடத்துக்காக மற்ற ஐந்தையும் விட்டுக்கொண்டிருந்தால் உடனே மாறட்டும். அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். பள்ளி ஆப்பில் அது தெரியாது.

"எங்கள் வருமானத்துக்கு உதவி கிடைக்காது என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? 2011 அக்டோபரிலிருந்து, அரசு நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகள் உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணித்துச் சொல்லும் 'நெட் ப்ரைஸ் கால்குலேட்டர்' ஒன்றைத் தங்கள் தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அரை மணி நேரம் உட்கார்ந்து உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 2025-26 கல்வியாண்டு முதல் ஹார்வர்டு, 2,00,000 டாலர் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. எம்ஐடியும் அதே அளவுகோலைக் கொண்டுவந்தது, வழக்கமான அளவு சொத்து இருந்தால் என்ற நிபந்தனையோடு. உங்கள் இரண்டு சம்பளமும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தாண்டினாலும் பின்னால் இருக்கும் மகனையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் என்ன வருகிறது என்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று. அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா படிவம், கல்லூரி தொடங்கும் வருடத்துக்கு இரண்டு வருடம் முந்தைய வருமான வரிக் கணக்கைக் கேட்கிறது. அதாவது அவள் பத்தாம் வகுப்பின் நடுவிலிருந்து பதினொன்றாம் வகுப்பின் நடுவரை ஓடிய அந்தக் காலண்டர் வருடம். அந்த வருடத்தில் நிறுவனப் பங்குகளை விற்றிருந்தால் அது அப்படியே வருமானமாக நிற்கும். மகளுடைய கிரேடை ஆப்பில் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் உங்கள் இருவருடைய டிரான்ஸ்கிரிப்டும் தயாராகிக்கொண்டிருந்தது. குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியக் கணக்கையும் ஃபாஃப்ஸா சேர்ப்பதில்லை. ஆனால் பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவம் வீட்டைப் பற்றியும் விசாரிக்கும்.

எச்-4 விசாவில், அதாவது பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த விசாவில், பிள்ளைகள் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அரசின் கல்வி உதவியும் கடனும் கிடையாது, ஹோப்பும் கிடையாது. உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கல்லூரிகள் தம் பணத்திலிருந்து தரும் மெரிட் உதவிக்குப் பல இடங்களில் தடையில்லை. உங்கள் வீட்டில்தான் கிரேடு உண்மையாகவே பணம். 21 வயதில் பிள்ளையின் எச்-4 முடிந்துவிடுவதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கிறது. இது தனிக் கடிதத்துக்கான விஷயம், யாராவது எழுதினால் பதில் சொல்கிறேன்.

இவ்வளவு சொல்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மகனுக்கு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கான தகுதி இருந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பிப்ரவரி என்று போட்டிருந்தார்கள். ஜனவரியில் நிம்மதியாக அனுப்பினோம். ஸ்காலர்ஷிப்புக்குப் பரிசீலிக்க டிசம்பர் 1-க்குள் அனுப்பியிருக்க வேண்டும் என்பது அதே பக்கத்தின் அடியில் இருந்தது. மகனிடம் மார்க் இருந்தது, அம்மாவிடம் ஒரு பக்கத்தைக் கடைசிவரை படிக்கும் பழக்கம் இல்லை. நான்கு வருடம் அந்தப் பணத்தைக் கட்டினோம். அவன் பள்ளியில் வாங்கிய பி எல்லாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு செலவு வைத்திருக்காது.

உங்கள் கணவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு: நீங்கள் மாலையில் சொன்னது மாடிப்படி வரை கேட்டிருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டேன், ஐவியில் மார்க்குக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாதாம் என்று அதே இடத்தில் நின்று சொல்லிவிடுங்கள், சிரித்துவிடுவாள். பள்ளி ஆப்பின் அறிவிப்பை அணைத்துவிட்டு, அந்த இடத்தில் அக்டோபர் 15-க்கும் டிசம்பர் 1-க்கும் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா